சிங்கப்பூர் டு நியூயார்க், நடுவுல எங்கயும் நிக்காம: யாருக்கு இது செட் ஆகும்?

நடுவுல எங்கயும் இறங்காம பறக்கற பயணிகள் ஃப்ளைட்லயே உலகத்துல நீளமானது எதுன்னா சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட சிங்கப்பூர் – நியூயார்க் ஜேஎஃப்கே தான். 15,349 கிலோமீட்டர். டிக்கெட்ல போட்டிருக்கற நேரம் 18 மணி 40 நிமிஷம் சொச்சம், சீசனுக்கு தகுந்த மாதிரி கொஞ்சம் மாறும். பக்கத்துலயே இருக்கற நெவார்க் ஏர்போர்ட்டுக்கும் இதே மாதிரி இன்னொரு ஃப்ளைட் இருக்கு, அது 15,344 கிலோமீட்டர், அஞ்சு கிலோமீட்டர்தான் கம்மி. அக்கா நியூஜெர்சில இருக்கா, நான் சிங்கப்பூர்ல இருக்கேன், அம்மா சென்னைல இருக்காங்க, அதனால இந்த ரூட்ட பத்தி எங்க வீட்ல பேசாத மாசமே கிடையாது. அம்மாவ கூட்டிட்டு போயிட்டு வந்தாச்சு, நிறைய பேர் கேக்கறாங்க, அதனால இதுக்கு ஒரு முழு ரிவ்யூ.

முடிவ முதல்லயே சொல்லிடறேன். சிங்கப்பூர்லயே இருக்கறவங்க, முக்கியமா வயசானவங்கள கூட கூட்டிட்டு போறவங்க, காசு கட்டுப்படியாச்சுன்னா தாராளமா எடுக்கலாம். சென்னை, திருச்சி, மதுரை பக்கத்துலேர்ந்து நேரா அமெரிக்கா போறவங்க இத எடுக்க வேண்டாம். ஏன்னு கீழ விவரமா சொல்றேன், ஏன்னா இதுல தூரக் கணக்கு ரொம்பவே முக்கியம், அத பாக்காம "உலகத்துலயே நீளமான ஃப்ளைட், ஒரு தடவ போய் பாப்போம்"னு நிறைய பேர் புக் பண்ணிடறாங்க.

முதல்ல தூரம். ரெண்டு ஊர் பேர போட்டா தூரமும் நேரமும் சொல்ற கால்குலேட்டர் எல்லாம் இருக்கு இல்லையா, அது எல்லாமே பூமி உருண்டை மேல ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்கற மிகக் குறைஞ்ச தூரத்த எடுத்துக்கும், அத மணிக்கு 850, 900ன்னு ஒரு வேகத்தால வகுத்து, ஏற இறங்க ஒரு அரை மணி நேரத்த சேர்த்து குடுத்துடும். தூரம் வரைக்கும் அது சரி. நேரம்தான் அப்படி வராது. சிங்கப்பூர் கிழக்குல 104 டிகிரி, நியூயார்க் மேற்குல 74 டிகிரி, கூட்டினா 178, அதாவது பூமி உருண்டைல கிட்டத்தட்ட ஒண்ணுக்கு ஒண்ணு எதிர்ப்பக்கம். வீட்ல பிள்ளைங்க க்ளோப் இருந்தா ஒரு நூல இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல இழுத்து புடிச்சு பாருங்க, நூல் நேரா வட துருவத்துக்கு பக்கத்துல போகும். ஸ்கூல் அட்லஸ்ல சுவத்துல மாட்டற மேப்ப பாத்து பழகினவங்களுக்கு இது நம்பவே முடியாது, கிழக்க போறதா மேற்க போறதான்னு கேப்பாங்க, பதில் வடக்க.

ஆனா ஃப்ளைட் அந்த நூல் வழியா போறதில்ல. காத்துதான் காரணம். வட பாதி பூமில பத்து கிலோமீட்டர் உயரத்துல மேற்குலேர்ந்து கிழக்க ஓடற ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து இருக்கு, குளிர்காலத்துல சில நாள் மணிக்கு 300 கிலோமீட்டர் கூட தாண்டும். அது பின்னாடிலேர்ந்து தள்ளினா விமானம் தரைக்கணக்குல மணிக்கு ஆயிரத்த தாண்டி போகும், முன்னாடிலேர்ந்து அடிச்சா எவ்வளவு எண்ணெய் எரிச்சாலும் போதாது. அதனால நியூயார்க் போகும்போது பெரும்பாலும் ஜப்பான் பக்கமா ஏறி பசிபிக் கடல தாண்டி அலாஸ்கா, கனடா ஓரமா இறங்கும். தூரம் கூடினாலும் நேரம் குறையும். 2018ல இந்த சர்வீஸ திரும்ப ஆரம்பிச்சப்ப கம்பெனியே சுமார் 16,700 கிலோமீட்டர், 18 மணி 45 நிமிஷம் வரைக்கும் ஆகும்னுதான் சொன்னாங்க. நூல் கணக்குக்கும் இதுக்கும் 1,300 கிலோமீட்டருக்கு மேல வித்தியாசம், அதாவது சென்னைலேர்ந்து மும்பை போற தூரத்த விடவே கூட. திரும்பி வரும்போது சில நாள் அட்லாண்டிக் தாண்டி ஐரோப்பா வழியா கிழக்கயே பறந்து வரும், அப்படி வந்தா போயிட்டு வர்றதுலயே பூமிய ஒரு சுத்து சுத்தின கணக்கு. எந்த வழின்னு அன்னன்னிக்கு காத்த பாத்துதான் முடிவு பண்ணுவாங்க.

இப்ப சென்னை கணக்குக்கு வரேன், இதுக்காகத்தான் முக்கியமா எழுதறேன். சென்னைலேர்ந்து நியூயார்க் நேர்கோட்டுல சுமார் 13,500 கிலோமீட்டர். நேரடி ஃப்ளைட் இல்ல, எங்கயாவது மாறித்தான் ஆகணும். துபாய் வழியா போனா மொத்தம் 14,000க்குள்ள முடிஞ்சிடும். லண்டன் வழியா போனா 13,800 பக்கம். அதாவது ரெண்டுமே கிட்டத்தட்ட போற வழிலயே இருக்கற ஊர். சிங்கப்பூர் வழியா போனா? முதல்ல தென்கிழக்கா 2,900 கிலோமீட்டர் எதிர்த்திசைல போறீங்க, அங்கேர்ந்து 15,349. மொத்தம் 18,200க்கு மேல. நாலாயிரத்து சொச்சம் கிலோமீட்டர் தண்டம். சென்னை – சிங்கப்பூர் நாலு மணி நேரம், சிங்கப்பூரோட சாங்கி ஏர்போர்ட்ல ஒரு மூணு மணி நேரம், அப்புறம் பதினெட்டே முக்கால், கூட்டினா இருபத்தஞ்சு, இருபத்தாறு மணி நேரம். வளைகுடா வழியா நல்ல கனெக்‌ஷன் கிடைச்சா இருபத்தி ரெண்டுலயே போய் சேந்துடலாம், அதுவும் எகானமி டிக்கெட்ல. சாங்கி அழகா இருக்கும், சாப்பாடு நல்லா இருக்கும், அதெல்லாம் சரிதான், ஆனா அதுக்காக இவ்வளவு தூரம் சுத்தணுமா?

எகானமின்னு சொன்னேன் இல்லையா, இந்த ஃப்ளைட்ல எகானமியே கிடையாது. ஃபர்ஸ்ட் கிளாஸும் கிடையாது. பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94, மொத்தமே 161 சீட்டு. இதே கம்பெனியோட சாதாரண ஏ350-900ல 253 பேர் போறாங்க. இந்த ரூட்டுக்குன்னு ஏர்பஸ் பண்ணி குடுத்த ஏ350-900 யூஎல்ஆர் (அல்ட்ரா லாங் ரேஞ்ச், அதாவது ரொம்ப தூரம் பறக்கற மாடல்) மொத்தமே ஏழு விமானம்தான், வாங்கினது இவங்க மட்டும்தான். அதுல 1,65,000 லிட்டர் எரிபொருள் புடிக்கும், சாதாரண மாடல விட 24,000 லிட்டர் கூட. எடைல பாத்தா 130 டன் பக்கம் வரும், விமானம் கிளம்பும்போது இருக்கக்கூடிய மொத்த எடையே 280 டன்தான், கிட்டத்தட்ட பாதி எண்ணெய்தான். முன்பக்கம் சரக்கு வைக்கற இடத்தையே மூடிட்டாங்க. இவ்வளவு தூரத்துக்கு கடைசி ரெண்டு மூணு மணி நேரத்துக்கான எண்ணெய மொதல் பதினஞ்சு மணி நேரமும் தூக்கிட்டு போகணும், தூக்கறதுக்கே தனியா எண்ணெய் எரியும். அதனால ஆளையும் சரக்கையும் குறைச்சாத்தான் முடியும். டிக்கெட் விலை ஏன் அப்படி இருக்குன்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில், 161 பேர்தான் மொத்த செலவையும் பங்கு போட்டுக்கணும்.

இதே ரூட்ட 2004லயே நெவார்க்குக்கு ஆரம்பிச்சாங்க, ஏ340-500ன்னு நாலு இன்ஜின் விமானம். எண்ணெய் விலை ஏறினப்ப தாங்கல, 2008ல மொத்தத்தையும் பிசினஸ் கிளாஸ் ஆக்கி 100 சீட்டோட ஓட்டி பாத்தாங்க, 2013 நவம்பர்ல நிறுத்திட்டாங்க. ரெண்டு இன்ஜின் ஏ350 வந்ததுக்கு அப்புறம்தான் கட்டுப்படியாச்சு, 2018 அக்டோபர்ல திரும்ப நெவார்க், 2020 நவம்பர்ல ஜேஎஃப்கே.

சரி, உள்ள எப்படி இருந்துச்சு. நாங்க எடுத்தது பிரீமியம் எகானமி, பிசினஸ் எங்க பட்ஜெட்டுக்கு எட்டாது. வரிசைக்கு ரெண்டு, நாலு, ரெண்டுன்னு சீட்டு. சாதாரண எகானமில 32 இஞ்ச் இடைவெளின்னா இங்க 38 இஞ்ச். ஆறு இஞ்ச் என்ன பெரிய விஷயம்னு தோணும், முன் சீட்டுக்காரர் சாய்ச்சா கூட முட்டி இடிக்காம இருக்குமே அதுதான் அந்த ஆறு இஞ்ச். கெண்டைக்காலுக்கு கீழேர்ந்து மேல வர்ற ஒரு பலகை இருக்கு, அம்மாவுக்கு அதுதான் ரொம்ப புடிச்சுது, காலை தொங்க விட்டாலே வீங்கற ஆளு அவங்க. ரெண்டு பேரா போறவங்க ஓரத்துல இருக்கற ரெண்டு சீட்டு வரிசைய புடிங்க, ராத்திரி எழுந்து பாத்ரூம் போக ஒருத்தர மட்டும் எழுப்பினா போதும், அதுவும் உங்க ஆளாவே இருப்பாங்க. தனியா போறவங்களுக்கு ஒரு ரகசியம், கடைசி மூணு வரிசைல விமானம் குறுகறதால ஓரத்துல ஒத்தை சீட்டுதான், பக்கத்துல ஆள் கிடையாது, பக்கத்துல சாமான் வைக்க ஒரு பெட்டி வேற. புக் பண்ணும்போதே பாருங்க, சீக்கிரம் போயிடும்.

18 மணி நேரம் எப்படி உக்காந்திருக்கறதுன்னுதான் எல்லாரும் பயப்படறாங்க. எனக்கும் அம்மாவ நெனச்சுதான் கவலை. ஆனா இதுக்கு முன்னாடி வேற ஒரு ஏர்லைன்ல, ஒரு ஊர்ல மாறிப் போற டிக்கெட்ல கூட்டிட்டு போயிருக்கேன், மொத ஃப்ளைட் லேட்டாகி அடுத்தது போயிடுச்சு, வீல்சேர் சொல்லி வெச்சும் வரல, அம்மா ஒரு கேட்டுக்கு பக்கத்துல இரும்பு நாற்காலில ராத்திரி பூரா உக்காந்திருந்தாங்க. அத பாத்தவனுக்கு 18 மணி நேரம் ஒரே சீட்ல இருக்கறது கஷ்டமே இல்ல. வயசானவங்களுக்கு பறக்கறதுல கஷ்டம் கம்மி, இறங்கி ஏறி, ஷூவ கழட்டி மாட்டி, ஓடற இடத்துலதான் கஷ்டம். அது இதுல மொத்தமா இல்ல.

இன்னொரு பெரிய லாபம் தூக்கம். இத யாரும் சரியா சொல்ல மாட்டேங்கறாங்க. சிங்கப்பூர்ல நள்ளிரவு பக்கத்துல கிளம்புது. அப்ப நியூயார்க்ல மதியம். கோடைல சரியா 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்துல 13. இறங்கறப்ப அங்க விடியக்காலை, ஆறு மணி பக்கம். நம்ம உடம்பு ராத்திரி ஆச்சேன்னு ஏறின உடனே தூங்கச் சொல்லும், முழுசா எட்டு மணி நேரம் அப்பவே தூங்கிட்டீங்கன்னா கடைசி பத்து மணி நேரம் முழிச்சிருந்து, இறங்கும்போது உடம்புக்கு சாயங்காலம், ஊருக்கு காலை, அன்னிக்கு பகல் பூரா தள்ளாட்டம்தான். அதுக்கு பதிலா மொதல்ல ஒரு ரெண்டு மணி நேரம் கோழித் தூக்கம் போட்டுட்டு எழுந்து, படம் பாத்து, நடந்து, சாப்பிட்டு, கடைசி எட்டு மணி நேரம் இருக்கறப்ப கண்ணு மூடினீங்கன்னா அது நியூயார்க்ல ராத்திரி பத்து மணி, அந்த ஊர் ஆளுங்களோட சேந்து தூங்கி அவங்களோட சேந்து எழுந்துக்கற கணக்கு. நடுவுல இறங்கி மாறற ஃப்ளைட்ல இத பண்ணவே முடியாது, எப்ப தூங்கணும்னு கனெக்‌ஷன் முடிவு பண்ணும். இங்க முழு நேரமும் உங்க இஷ்டம். நானும் அம்மாவும் இப்படித்தான் பண்ணோம், போய் இறங்கின அன்னிக்கு சாயங்காலம் அம்மா அக்கா வீட்ல ரசம் வெச்சாங்க.

கேபினுக்குள்ள காத்தழுத்தமும் ஒரு காரணம்னு நெனைக்கறேன். பழைய விமானங்கள்ல உள்ள அழுத்தம் 8,000 அடி உயரத்துக்கு சமமா வைப்பாங்க, அதாவது ஊட்டிய விட மேல. ஏ350ல அது 6,000 அடி, குன்னூர் உயரம். தலைவலி, காதடைப்பு எனக்கு நல்லாவே கம்மியா இருந்துச்சு. சத்தமும் கம்மி. ஆனா காத்து காய்ஞ்சுதான் இருக்கும், உதட்டுக்கு ஏதாவது எடுத்துட்டு போங்க, தண்ணிய கேட்டுக்கிட்டே இருங்க, கேக்க கேக்க குடுக்கறாங்க. சாங்கில செக்யூரிட்டி செக் கேட்டுலயே நடக்கும், அதனால கேட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி பாட்டில் தண்ணிய குடிச்சு முடிச்சிடுங்க.

சாப்பாடு. சைவம் சாப்பிடறவங்க கிளம்பறதுக்கு குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடியே இண்டியன் வெஜிடேரியன் மீல் சொல்லிடணும், ஜெயின் சாப்பாடும் தனியா இருக்கு. சொல்லி வெச்சா எல்லாருக்கும் முன்னாடி உங்களுக்கு வந்துடும். எங்களுக்கு வந்த சாதமும் பனீரும் ஓகே, சப்பாத்தி கொஞ்சம் ரப்பர், ஃப்ளைட்ல எங்கயுமே சப்பாத்தி அப்படித்தான் ஆகுது. காலைல உப்புமாவும் வடையும் சாம்பாரும் வந்துச்சு, சாம்பார் சூடா இருந்துச்சு, அம்மா முழுசா சாப்பிட்டாங்க, அவங்க முழுசா சாப்பிட்டா அது சர்டிபிகேட். ஆனா ரெண்டு பெரிய சாப்பாட்டுக்கு நடுவுல ரொம்ப நேரம் இருக்கு, கேட்டா நூடுல்ஸ், சாண்ட்விச் மாதிரி ஏதாவது தருவாங்க, வயசானவங்க கேக்க கூச்சப்படுவாங்க, நீங்க கேட்டு வாங்கி குடுங்க. கைல முறுக்கு, பொரி உருண்டை வெச்சுக்கறதும் நல்லது.

சுகர், பிபி மாத்திரை சாப்பிடறவங்க போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட நேரத்த எப்படி மாத்தறதுன்னு கட்டாயம் கேட்டுக்கோங்க, பாதி நாள் அப்படியே தலைகீழா ஆகுது, "காலை மாத்திரை"ன்னா எந்த ஊர் காலைன்னு குழப்பம் வரும். அம்மாவுக்கு டாக்டர் எழுதி குடுத்தத ஒரு சீட்டுல சிங்கப்பூர் டைம்லயே குறிச்சு பாஸ்போர்ட் கவர்ல வெச்சுட்டு, என் வாட்ச்ச மாத்தாம வெச்சிருந்தேன். மாத்திரை எல்லாம் கைப்பைல இருக்கணும், பெட்டில போடாதீங்க. கால்ல ரத்தம் கட்டற பிரச்சனை நீளமான ஃப்ளைட்ல நிஜமாவே வரக்கூடியது, அதனால ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பின்னாடி சாப்பாடு எடுத்து வைக்கற கிச்சன் பக்கம் வரைக்கும் நடந்துட்டு வாங்க, இறுக்கமான சாக்ஸ் வேணுமான்னும் டாக்டர்கிட்டயே கேளுங்க. பணிப்பெண்கள் அம்மா நடக்கும்போதெல்லாம் சிரிச்சு வழி விட்டாங்க, ஒருத்தர் தமிழ்லயே "பாட்டி, சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டாரு, சிங்கப்பூர் கம்பெனி இல்லையா, தமிழ் பேசற ஆளு கிடைக்கறது இங்க சகஜம்.

வைஃபை இலவசம், இவங்களோட மைலேஜ் திட்டமான கிரிஸ்ஃப்ளையர்ல உறுப்பினரா சேந்து அந்த நம்பர புக்கிங்ல போட்டா போதும், உறுப்பினர் ஆகறதுக்கும் காசு இல்ல. வாட்ஸ்அப் மெசேஜ் நல்லா போச்சு.

திரும்பி வர்ற பயணம் போற அளவுக்கு சுகம் இல்ல, இத நேர்மையா சொல்லணும். நியூயார்க்ல ராத்திரி கிளம்பி, நடுவுல ஒரு நாள் முழுசா காணாம போய், அதுக்கு அடுத்த நாள் விடியக்காலைல சாங்கில இறங்கும். லீவு கணக்கு போடறவங்க இந்த ஒரு நாள விட்டுடாதீங்க. எங்க ஃப்ளைட் அன்னிக்கு அட்லாண்டிக் வழியா வந்துச்சு. அம்மா படம் எதுவும் பாக்கல, முழு நேரமும் அந்த மேப்தான் ஓடிட்டு இருந்துச்சு அவங்க ஸ்க்ரீன்ல. ஐரோப்பா போச்சு, அப்புறம் இந்தியாவுக்குள்ள நுழைஞ்சது, நாக்பூர்னு வந்துச்சு, கொஞ்ச நேரத்துல விசாகப்பட்டினம், கீழ ஓரத்துல சென்னைன்னு எழுத்து தெரிஞ்சுது. "ஏண்டா, வீடு இங்கதானடா இருக்கு, இன்னும் எதுக்கு நாலு மணி நேரம் போறோம்?"னு கேட்டாங்க. அவங்களுக்கு மறுபடியும் சிங்கப்பூர்லேர்ந்து சென்னைக்கு ஒரு ஃப்ளைட் பாக்கி இருந்துச்சு. நான் மேல போட்ட கிலோமீட்டர் கணக்கு எல்லாம் அம்மா அந்த ஒரு கேள்வில கேட்டுட்டாங்க. அடுத்த முறை அவங்க சென்னைலேர்ந்து தனியா கிளம்பினா வளைகுடா வழியாதான் டிக்கெட் போடுவேன், என்கூட சிங்கப்பூர்ல ரெண்டு மாசம் இருந்துட்டு போறதா இருந்தா மட்டும்தான் இது.

காசு கட்டுப்படி ஆகாத சிங்கப்பூர் ஆளுங்களுக்கு இதே கம்பெனிலயே ஃபிராங்க்ஃபர்ட்ல நின்னு ஜேஎஃப்கே போற ஃப்ளைட் இருக்கு, அதுல எகானமி உண்டு, ஒரே ஃப்ளைட் நம்பர்தான், மொத்தமா நாலு அஞ்சு மணி நேரம்தான் கூட ஆகும். முதுகு நல்லா இருக்கற சின்ன வயசுக்காரங்க, பிள்ளை குட்டியோட நாலு டிக்கெட் எடுக்கறவங்க இத தாராளமா பாக்கலாம், நாலு பேருக்கு பிரீமியம் எகானமி விலை குடுத்து மிச்சம் பண்ற அந்த நாலு மணி நேரம் அவ்வளவு பெறாது. அடுத்து குவாண்டாஸ் சிட்னி – லண்டன் நேரா ஓட்டறதுக்கு ஏ350-1000 ஆர்டர் குடுத்திருக்காங்க, 17,000 கிலோமீட்டர், 22 மணி நேரம் வரைக்கும் ஆகலாம்னு சொல்றாங்க, அது வந்துச்சுன்னா இதோட பட்டம் போயிடும்.

கடைசியா ஏர்போர்ட் விஷயம். சொந்தக்காரங்க குவீன்ஸ், லாங் ஐலண்ட் பக்கம்னா ஜேஎஃப்கே போடுங்க. எடிசன், ஐஸ்லின், ஜெர்சி சிட்டி பக்கம்னா நெவார்க் போடுங்க, நேரம், விமானம், சீட்டு எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நாங்க விலை கொஞ்சம் கம்மியா இருந்துச்சுன்னு ஜேஎஃப்கே எடுத்தோம், அத்தான் வேலை நாள்ல காலைல ரெண்டு பாலம் தாண்டி, ட்ராஃபிக்ல மாட்டி வந்து எங்கள கூட்டிட்டு போனாரு. நெவார்க்லேர்ந்து அக்கா வீடு அரை மணி நேரம்தான்.